அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை

ஆரணியில் கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் சர்வரை வைக்கிற இடத்தைப் பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், துடைப்பமும் பழைய காலண்டர்களும் குவிந்த மூலையில் அதைத் தள்ளிவிடுவார்கள். அது சூடாகி மூச்சை நிறுத்தியதும் எனக்குப் போன் செய்து, "மேடம், இன்டர்நெட்டே இல்ல" என்பார்கள். இன்டர்நெட் எங்கேயும் போயிருக்காது. போனது வேறு.

ஒரு கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், பிரிண்டருக்கும், கேமராவுக்கும் ஓர் எண் வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. காலையில் மிஷினை ஆன் செய்ததும் அதற்கு எண் கொடுப்பது சர்வரின் முதல் வேலை. இரண்டாவது வேலை பெயர். பில் போடும் கம்ப்யூட்டர், இன்ன பெயருள்ள பிரிண்டர் எங்கே என்று கேட்கும். இந்த எண்ணில் இருக்கிறது என்று சர்வர் சொல்லும். பெயர் தெரியாவிட்டால், அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்று சொல்லிவிடும். இந்த இரண்டு வேலையையும் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி. வெளியே தெரியாத வேலை. ஒழுங்காகச் செய்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், ஏனென்றால் எதுவும் மாறியதாகவே தெரியாது.

நான் சொல்லப்போவது ஒரு பட்டு முதலாளி வீட்டில் நடந்தது. முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்னால் தறிக்கூடம். முள்ளிப்பட்டுப் பக்கம் வீட்டுத் தறிகளுக்கு, நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூலும் குறுக்கே ஓட்டுகிற பட்டும் கொடுத்துப் புடவையாக வாங்குகிற குடும்பம். சில தறிகள் மட்டும் சொந்தக் கூடத்தில் ஓடும். முதலாளி போன வருஷம் கார்த்திகையில் காலமாகிவிட்டார். அதன் பிறகு கடையை அவருடைய ஒரே மகள் பார்த்துக்கொண்டாள். முதலாளியின் மனைவியை வீட்டிலும் கடையிலும் எல்லோரும் அம்மா என்றே கூப்பிடுவார்கள், நானும்தான். இவர்களோடு, முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருக்கிற ஒரு கணக்கர்.

முதலாளிக்கு மிஷின் பைத்தியம். என்னைப் போன்றவர்களைக் கூப்பிட மாட்டார். தானே ஒயர் இழுப்பார், தானே சுவரைக் குடைவார். எது எங்கே போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் போன பிறகு அந்தப் பழைய சர்வரின் விசிறி உறுமத் தொடங்கியது. மகள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இது நிக்கறதுக்குள்ள மாத்திக் குடுத்துடுங்க. கல்யாண நேரத்துல பேஜாரு வேணாம்" என்றாள். அவளுக்குத் தையில் கல்யாணம்.

கல்யாணத்தைவிட அவள் நினைப்பெல்லாம் ஒரு புடவையின் மேல்தான் இருந்தது. அவளுடைய முகூர்த்தப் புடவைக்கு அப்பாவே டிசைன் போட்டிருந்தார். கூடத்தின் கடைசித் தறியில் அதை ஏற்றி, புடவையின் உடல் பாதி நெய்துகொண்டிருக்கும்போது அவர் போய்விட்டார். வருஷம் திரும்பும் வரை அந்தத் தறியைத் தொடக்கூடாது என்று துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். இப்போதுதான் முள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர் வந்து உட்கார்ந்து உடலை முடித்திருந்தார். முந்தானை மட்டும் பாக்கி. "வேற எதைக் கட்டிகினு உக்காந்தாலும் அது எனக்குக் கல்யாணம் மாதிரியே இருக்காதுக்கா" என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்கிற பெண் அல்ல அவள். கடையில் ஆள் கூட்டி வேலை வாங்குகிறபோது பார்த்தால் இரும்பு.

மாற்றுகிற நாளாக அமாவாசையைக் குறித்தேன். அன்றைக்குத் தறிகளுக்கு லீவு, கணக்கரும் வர மாட்டார், நிம்மதியாக வேலை பார்க்கலாம். எனக்கு அமாவாசை, அஷ்டமி எதுவும் கிடையாது. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் பேய்க்கு இடமில்லை, ஜெபம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்பேன்.

புதிய சர்வருக்கு எதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகக் கூடாது. பழையதில் வருஷக்கணக்கில் குப்பை சேர்ந்திருக்கும். எப்போதோ உடைந்துபோன பிரிண்டருக்கும் அதில் ஒரு பெயர் இருக்கும். அதனால் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, பழைய சர்வரில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். மகள் எதிரே உட்கார்ந்து, இது இருக்கிறது, இது போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா சற்றுத் தள்ளி அரிவாள்மணையில் படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாமே மனிதர்களின் பெயர்கள். அந்த வீட்டில் தறிக்கு நம்பர் கிடையாது, முதன்முதலில் உட்கார்ந்தவரின் பெயரைச் சொல்லித்தான் தறியைக் கூப்பிடுவார்கள். ஆள் மாறினாலும், செத்தே போனாலும் தறியின் பெயர் மாறாது. அதே பழக்கத்தில் முதலாளி கம்ப்யூட்டர்களுக்கும் ஆட்களின் பெயரையே வைத்திருந்தார். பில் போடுவதற்குக் கணக்கரின் பெயர். டிசைன் ரூமில் இருப்பதற்கு எப்போதோ வேலையை விட்டுப்போன டிசைனரின் பெயர். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை என்னுடையவை அல்ல.

பாதிக்கு மேல் வந்தபோது ஒரு பெண்ணின் பெயர் வந்தது. பழைய காலத்துப் பெயர், இப்போது யாரும் குழந்தைக்கு வைக்காத பெயர். நான் வாசித்ததும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது எங்க ஆயா பேருக்கா. அப்பாவோட அம்மா."

"அவங்க கம்ப்யூட்டர்லாம் பார்ப்பாங்களா?"

"நீங்க வேற. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாங்க. அப்ப இந்த வீட்டுல போனே கெடயாது."

அந்தப் பெயரில் இருந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. கூப்பிட்டாலும் வாய் திறக்காத மாதிரி சில பெட்டிகளை அமைத்து வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான், அன்றைக்கு அது தோன்றவில்லை. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எடுத்துடுங்க. செத்தவங்க பேர்ல எதுக்கு" என்றாள் மகள். அரிவாள்மணைச் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாழைக்காயைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் பெயரைக் கேட்டதில் ஏதோ பழைய நினைப்பு என்று எண்ணிக்கொண்டேன். பெயரை நீக்கிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. எண்களைப் புது வரிசையில் அமைத்தேன், பெயர்களை ஏற்றினேன், பழைய சர்வரின் ஒயரைப் பிடுங்கினேன். பில் ஓடியது, பிரிண்டர் ஓடியது, கேமராக்கள் கண் திறந்தன. மாடிப்படிக்கு அடியில் அந்த உறுமல் இல்லாமல் வீடே அமைதியாகிவிட்டது என்று மகள் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவளே போன் செய்தாள். "அக்கா, ஜல்தி வாங்க. தறி நின்னுடுச்சு."

"தறிக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்?"

"கடைசித் தறிக்கா. என் பொடவ."

அந்தத் தறியின் மேல் கம்ப்யூட்டர் ஜக்கார்டு பெட்டி இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முன்பெல்லாம் தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள், எந்த இழை தூக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள் சொல்லும். இப்போது அந்த வேலையை ஒரு பெட்டி செய்கிறது. ஆனால் எனக்குக் கொடுத்த விவரத்தில் தறி எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பெட்டிக்கு எல்லோரும் பென் டிரைவில்தான் டிசைன் கொடுப்பார்கள், நெட்வொர்க்கில் கோத்திருப்பார் என்று யார் கண்டது? வண்டியை எடுத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

போனதும் சர்வரைத்தான் முதலில் பார்த்தேன். யார் எந்தப் பெயரைக் கேட்கிறார்கள், நாம் என்ன பதில் சொன்னோம் என்பது புதியதில் திரையில் வரிவரியாக ஓடும். பழையதில் அந்த வசதி இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன். திரை முழுக்க ஒரே பெயர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நேற்று நீக்கிய பெயர்.

அந்தக் கிழவியின் பெயர் கேள்வியாக வரும். அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்று என் சர்வர் பதில் சொல்லும். சிறிது நேரம் சும்மா இருக்கும். மறுபடி அதே பெயர், மறுபடி இல்லை. மேலே தள்ளிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க, நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோதும், இது நடந்திருக்கிறது. கேட்கிற மிஷினுக்குப் பெயர் இல்லை, நேற்று நான் கொடுத்த வெறும் எண் மட்டும்தான். இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ தவறான கேள்விகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பிடிவாதமாக ஒரு மனுஷியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்த ஒன்றைப் பார்த்ததில்லை. என் கை ரோமங்கள் நின்றன, ஒத்துக்கொள்கிறேன்.

நான் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் கணக்கரின் குரல் கேட்டது.

"இன்னாம்மா சொன்ன?"

அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியம்மா பேரும்மா அது. முதலாளி கடைசியா படுத்துகினு இருந்தப்போ அந்தப் பேரைத்தான் சொல்லிகினே இருந்தாரு. கண்ணத் தொறக்கல, சோறு தண்ணி எறங்கல, அந்தப் பேரு மட்டும் வந்துகினே இருந்திச்சு. எந்தப் புள்ளையாவது பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்புடுமா? நான் அப்பவே நெனச்சேன், பெரியம்மா வந்து நிக்கிறாங்க, கையோட கூட்டிகினு போயிடுவாங்கன்னு." அவர் குரல் இறங்கிவிட்டது. "இப்ப எங்கேர்ந்தும்மா கூப்புடுது?"

"வீட்டுக்குள்ளேர்ந்துதாங்க" என்றேன். வேறெப்படிச் சொல்வது? அதுதான் உண்மை.

அவர் என் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் மிஷின் இல்லன்னுதானே சொல்லுது?"

"ஆமா."

"அப்படியே சொல்லட்டும். செத்தவங்க கூப்ட்டா பதில் சொல்லவே கூடாது. இருக்குன்னு மட்டும் சொல்லிடாதம்மா."

ஒரு வீட்டில் பயம் பரவுவதற்கு அரை மணி நேரம் போதும். கடைப் பையன்கள் பின்பக்கம் போகவே மாட்டோம் என்றார்கள். கூடத்தில் மற்ற தறிக்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். அமாவாசை அன்றைக்கு மிஷினை மாற்றியதுதான் தப்பு என்று ஒருவர் என் காதில் விழும்படி சொன்னார். கடைசித் தறி நெசவாளர் மட்டும் வாசலில் குந்தியிருந்தார். "கால வெச்சி அமுக்கறேன், இழை எழும்பல. பாவு மேல யாரோ உக்காந்துகினு இருக்கற மாதிரி கனமா இருக்குது" என்றார். பெட்டிக்கு டிசைன் வராவிட்டால் இழை எழும்பாது என்று அவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். கேட்பது யார் என்று கண்டுபிடித்துவிடுகிறேன் என்று மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கியதும் கடையிலிருந்து "பில்லு நின்னுடுச்சு" என்று கத்தினார்கள். இன்னொன்றைப் பிடுங்கியதும் கேமரா போனது. பழுத்துப்போன ஒரு மஞ்சள் ஒயரைப் பிடுங்கியபோது யாரும் கத்தவில்லை. திரையில் அந்தப் பெயர் நின்றது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தவரின் வாயைப் பொத்தியது போல இருந்தது. ஒயரைத் திரும்பச் சொருகினேன். உடனே பெயர் வந்தது.

லேப்டாப்பை ஒரு கையில் ஏந்தி, மஞ்சள் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். சுவரைத் துளைத்துப் போயிற்று. நடையைத் தாண்டி, பூட்டியிருந்த முதலாளியின் அறை வாசல் மேலாக ஓடி, முற்றத்துக் குழாயை ஒட்டி இறங்கித் தறிக்கூடத்துக்குள் நுழைந்தது. நல்ல உச்சி வெயில் நேரம். ஆனாலும் தறிச் சத்தம் இல்லாத தறிக்கூடத்துக்குள் நான் அதுவரை போனதில்லை. ஒரு தறியில் குறுக்கு நூலை ஓட்டும் நாடா பாதி வழியில் நின்றிருந்தது, இன்னொன்றில் யாரோ குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ச் சொம்பு. ஒயர் எல்லாவற்றையும் கடந்து கடைசித் தறிக்குப் போய், மேலே இருந்த பெட்டியில் முடிந்தது.

மாம்பழ மஞ்சளில் புடவை, அரக்குக் கரை. முந்தானை தொடங்க வேண்டிய இடத்தில் வெறும் பாவு. பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அது சிமிட்டியதும் என் கையில் இருந்த லேப்டாப்பில் ஒரு வரி ஏறியது. மறுபடி சிமிட்டியது, மறுபடி ஏறியது. அந்தப் பாழாய்ப்போன கூடத்தில் ஆளில்லாத தறி ஒன்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, நான் எழுதி வைத்த சர்வர் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் என் வாயில் ஜெபம் வந்தது.

ஜெபம் முடிவதற்குள் புத்தியும் வந்தது. தறிக்கு வேண்டியது டிசைன். அப்படியானால் அந்தப் பெயர் ஆளின் பெயர் அல்ல, டிசைனை வைத்திருக்கிற ஏதோ ஒரு பெட்டியின் பெயர். அதைத்தான் நான் நீக்கியிருக்கிறேன். பெயரைத் திருப்பி எழுதிவிட்டால் தறி ஓடும். ஆனால் பழைய எண் இப்போது செல்லாது, வரிசையே மாறிவிட்டது. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மகளையும் கணக்கரையும் கூப்பிட்டுச் சொன்னேன். கணக்கர் கூடத்து வாசப்படியைத் தாண்டவில்லை. "இன்னா வெளக்கம் சொன்னாலும் சரிம்மா. அந்தப் பேரை எழுதாத. கல்யாணம் நடக்கப்போற வீடு. கடையில இல்லாத பொடவையா?"

மகள் தறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் என் பக்கம் நிற்பாள் என்றுதான் நினைத்தேன். "வேணாங்க்கா" என்றாள். "அப்பா போனப்பறம் அம்மா சரியாவே இல்ல. இப்ப அம்மாவுக்கும் எதுனா ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? பாவை அறுத்துடச் சொல்றேன்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். பாவை அறுப்பது என்றால் அந்தப் புடவை அவ்வளவுதான். அந்தப் பெண் மேல் எனக்கு வந்த இரக்கத்தில் கணக்கரை நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்தது. வயசான மனுஷன் என்று விட்டுவிட்டேன்.

லேப்டாப்பை மூடப் போகும்போது அம்மா உள்ளே வந்தார். யாரும் வரப் பயந்த கூடத்துக்குள் அவர் நேராக வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றார்.

"இன்னும் கூப்ட்டுகினு இருக்குதா?"

"ஆமாங்கம்மா."

"இன்னாத்துக்குக் கூப்புடுது?"

அவரும் பயந்துதான் கேட்கிறார் என்று நினைத்து எளிதாகச் சொன்னேன். "பேய் பிசாசெல்லாம் இல்லீங்கம்மா. இந்தப் பொடவையோட டிசைன் ஏதோ ஒரு பெட்டியில இருக்குது. அந்தப் பெட்டிக்கு அய்யா உங்க மாமியார் பேரை வெச்சிருக்காரு. தறி அதத்தான் தேடுது. அந்தப் பெட்டி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல, அவ்ளோதான்."

பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வா கண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சமையலறைக்குக் கூட்டிப்போனார். மிக்சிக்குப் பின்னால், ஊறுகாய் ஜாடிகளை நகர்த்தினார். சுவரை ஒட்டி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, தூசி இல்லாமல், வெதுவெதுப்பாக இருந்தது. "பாப்பா பொடவ இதுக்குள்ள இருக்குது, கரண்டு போனாலும் இத்த அணைக்காதன்னு சொன்னாரு. டிசைன் ரூம்ல வெச்சா எவனாவது திருடிகினு போயி அடுத்த மாசமே கடைக்குக் கடை தொங்கவுட்டுருவான், சமையல் ரூமுக்குள்ள எவன் வருவான்னாரு." டிசைன் திருட்டுக்குப் பயப்படாத பட்டு முதலாளி ஆரணியில் கிடையாது. பெட்டியில் என் ஒயரைச் சொருகிப் பார்த்தேன். புடவை உள்ளேதான் இருந்தது.

"கெடச்சிடுச்சும்மா! ஆனா இதுக்கு ஏன் அவங்கம்மா பேரை வெச்சாரு?" என்று கேட்டேன்.

"அத்தை பேரு இல்ல கண்ணு" என்றார். "என் பேரு."

அவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தெள்ளார் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் அவர். பெற்றவர்கள் வைத்த பெயரும் மாமியாரின் பெயரும் ஒன்று. பெண் வீட்டார் அடித்த கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அந்தப் பெயர் இருந்தது. "ஒரே வீட்ல மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பேரு எப்டி? என்னைத் திட்டுனா அவங்களத் திட்டுன மாதிரி ஆயிடாதா? மறுநாள் காலையிலயே வேற பேரு வெச்சிட்டாங்க." ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது பெயர்தான். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். தம்பி அக்கா என்றுதான் கூப்பிடுவான். பெற்ற மகளுக்கே தெரியாது.

"அய்யா எந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுவாரு?"

"எதையும் சொல்ல மாட்டாரு. இந்தா, ஏமே, அவ்ளோதான். பத்திரிகையில பாத்த பேரு, அவுருக்கு மறந்தே போயிருக்கும்னுதான் நெனச்சிகினு இருந்தேன். எனக்கே மறந்துபோச்சு. நேத்து நீ படிச்ச பாரு, யாரோ பொறத்தாலேர்ந்து கூப்ட்ட மாதிரி திக்குனு ஆயிடுச்சு. அப்பால பாப்பா ஆயா பேருன்னு சொன்னா. நான் இன்னான்னு சொல்றது? இத்தினி வருஷமா அது அவங்க பேருதானே."

யாரும் ஊகிக்க முடியாத பெயராக இருக்கட்டும் என்று பாதுகாப்புக்காக வைத்திருக்கலாம். என் தொழிலில் அப்படித்தான் யோசிப்போம். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவர் வேறொன்றை யோசித்துவிட்டிருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"கடைசில அவுரு சொல்லிகினே இருந்தாரே, அதுவும் என்னைத்தானா?"

நான் என் ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றினேன்.

"பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தேன் கண்ணு. அவுங்கம்மாவத்தான் கூப்புடறாருன்னு ஊருல எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்டித்தான் நெனச்சேன். ஒரு வாட்டி ஊம்னு சொல்லல. கூப்ட்டு கூப்ட்டு அப்டியே போயிட்டாரு." அவர் சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றார். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அவரே முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கணக்கர் இன்னும் வாசப்படியில்தான் நின்றுகொண்டிருந்தார், மகளும் வந்திருந்தாள். அம்மா அந்தப் பெயரைச் சொன்னார். அது தன் பெயர் என்று சொன்னார். மகள் அம்மாவையே பார்த்தாள். கணக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கணக்கரே, அது என்னைத்தான் கூப்புடுது. நான் உசுரோடதானே இருக்கறேன்? பதில் சொல்லட்டும்" என்றார் அம்மா.

கணக்கர் வழியை விட்டு ஒதுங்கினார். நான் லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பெயரை எழுதி, சமையலறைப் பெட்டியின் புதிய எண்ணை அதற்குக் கொடுத்தேன். திரையில் பெயர் ஒரு முறை வந்தது. இருக்கிறது என்று சர்வர் பதில் சொன்னது. பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. நெசவாளர் துண்டால் பலகையைத் தட்டிவிட்டு உட்கார்ந்து காலை அழுத்தினார். முந்தானையின் முதல் வரிக்கான இழைகள் எழும்பின. மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா என் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுபோச்சா?"

"ஆமாங்கம்மா. பதில் கெடச்சிடுச்சில்ல, இனிமே கூப்புடாது."

அவர் முகம் விழுந்துவிட்டது. அவசரமாகச் சொன்னேன். "தெனம் காலையில நெய்ய ஆரம்பிக்கும்போது ஒரு வாட்டி கேக்கும்மா. இந்தப் பொடவ முடிஞ்சி வேற டிசைன் ஏத்துற வரைக்கும்."

அதைக் கேட்டுக்கொண்டு அவர் தறியருகே போனார். முந்தானையில் சில வரிகள் ஏறியிருந்தன. நெசவாளர் இத்தனை நேரம் வீணானதைப் பிடிக்கிற வேகத்தில் நாடாவை வீசிக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து, மகளுக்குக் கேட்காத குரலில் அவரிடம் சொன்னார்.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது. மெதுவாவே நெய்ங்க."